மடிச்சூடு

அக்கா இறந்துபோன காலையில் அவள் உடம்பு முழுவதும் சில்லிட்டிருந்தது. மடி மட்டும் சூடாக இருந்தது.

அதைப் போர்வைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்தது அம்மாதான். "மடி சூடா இருக்குடி, டாக்டரக் கூப்பிடு" என்றாள். நான் கூப்பிட்டேன். வந்த டாக்டர் போர்வையை விலக்கி, அக்காவின் மடியில் திறந்தபடி இருந்த மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மடியும் ஆறிவிட்டது.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இதயம் சரியில்லை. கை கால் எப்போதும் சில்லென்று இருக்கும். வீட்டிலிருந்தபடியே கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் வரைபடம் போட்டுக் கொடுப்பாள். அந்த வேலைக்குக் கணினி கொதிக்கும். மற்றவர்களானால் வேறு வாங்கியிருப்பார்கள். அக்கா அந்தச் சூட்டுக்காகவே அதை மாற்றாமல் வைத்திருந்தாள். "வேலைக்கு வேலையும் ஆச்சு, குளிர் காய்ஞ்சாப்லயும் ஆச்சு" என்பாள். வேலை முடிந்த பிறகும் மூடமாட்டாள். எழுத்துகளுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவளுடைய இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. மற்ற விரல்கள் சூட்டில் இருக்க, அது மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "இவனுக்கு மட்டும் குடுத்துவைக்கல" என்று அதைக் காட்டிச் சிரிப்பாள்.

அவள் போன பிறகு கணினி அம்மாவிடம் போனது. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

கூடத்து ஜன்னலோரம் ஒரு நாற்காலி உண்டு. அம்மா அதில் உட்கார்ந்து, மூடிய கணினியை மடியில் வைத்து, அக்காவின் சாம்பல் நிறச் சால்வையை அதன்மேல் போர்த்திக்கொள்வாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்படி இருப்பாள். திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பாள். எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஆகவேண்டும். அவளுக்கு அது கிடைத்தது.

ஒரு சாயங்காலம் சால்வை நழுவிக் கிடந்தது. எடுத்துப் போர்த்தப் போனபோது கை சுட்டது.

"என்னம்மா இது, இவ்வளவு சூடா இருக்கு?"

"அது அப்படித்தான் இருக்கும்."

"ஆன் பண்ணிட்டு மூடி வெச்சிருக்கியா? மேல சால்வை வேற. காத்து போக வழியில்லாம தீப்பிடிச்சுக்கும்."

"நான் எங்கடி ஆன் பண்ணேன்? டிவி ரிமோட்டே எனக்கு ஒழுங்கா அமுக்கத் தெரியாதுன்னு நீதான சொல்லுவ."

"தீப்பிடிச்சா விளையாட்டு இல்லம்மா."

அம்மா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பொண்ணப் பெத்தவ வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கணும்பாங்க. நான் மடியில வெச்சிருக்கேன். ரெண்டும் பக்கம் பக்கம்தான், போ."

நான் வேலை பார்ப்பது வெப்பமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில். மருத்துவமனை, மருந்துக் கிடங்கு, பால் பண்ணை என்று பல இடங்களிலிருந்தும் வெப்பமானிகள் வரும். எங்களிடமுள்ள நம்பகமான வெப்பமானியின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று சின்ன ஒட்டுத்தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டி அனுப்புவோம். திருத்தச் சீட்டு என்று அதற்குப் பெயர். அதிகம் பேச வேண்டாத வேலை.

பேசுவதற்கு என் சீனியர் இருக்கிறார். எதையும் புள்ளி வைத்துச் சொல்வதால் அவருக்குத் தசமம் என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். நேரில் நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"அண்ணே, மூடி வெச்ச லேப்டாப் எவ்வளவு சூடாகும்?"

"ஆன்ல இருந்தா ஐம்பதத் தொடும். ஆஃப்ல இருந்தா ரூம் என்னவோ அதுதான். இன்னிக்கு இருபத்தாறு புள்ளி மூணு."

"ஆஃப்ல இருந்தா தானா சூடாகாதுல்ல?"

அவர் டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்படி ஒரு பொட்டி இருந்தா சொல்லு. அது மேல தவலையைத் தூக்கி வெச்சு வெந்நீர் போட்டுக்கலாம். கரண்டு பில்லே கட்ட வேணாம்."

அப்படியானால் அம்மாதான் தெரியாமல் எதையோ அழுத்துகிறாள் என்று முடிவு செய்தேன். அடியில் காற்று போக ஒரு உயரமான தாங்கி வாங்கினேன். விசிறி வைத்த ஒரு பலகை வாங்கினேன். இரண்டையும் அம்மா ஜன்னல் மேடையில் வைத்து அதன்மேல் பூந்தொட்டியை ஏற்றினாள். கடைசியில் சார்ஜரை எடுத்து என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மின்சாரம் இல்லையென்றால் பேட்டரி தீர்ந்து தானாக ஆறிவிடும் என்று நினைத்தேன்.

ஆறவில்லை. நாள்கள் போயின. ஒவ்வொரு சாயங்காலமும் செருப்பைக் கழற்றியதும் சால்வைக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பேன். பிறந்த குழந்தையைத் தொட்டதுபோல வெதுவெதுப்பாக இருக்கும். சில நாள் அதற்கும் மேலே இருக்கும். பேட்டரி பழுதாகி உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறதோ என்று எனக்குப் பயம் வந்தது. வேலையில் இருக்கும்போது ஃபோன் அடித்தால், பக்கத்து வீட்டுக்காரர் தீ என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தபடியே எடுப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குக் குளிர ஆரம்பித்தது.

வெளியே நல்ல வெயில். அம்மா ஸ்வெட்டர் போட்டிருந்தாள், காலுக்குச் சாக்ஸ் போட்டிருந்தாள். கரண்டி கையிலிருந்து அடிக்கடி நழுவியது. பேசும்போது சொற்களுக்கு நடுவே நின்று மூச்சு வாங்கினாள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நெற்றிக்கு நேராக ஒரு கருவியை நீட்டினார். அதைப் பார்த்தார், உள்ளங்கையில் தட்டினார், மறுபடி நீட்டினார். "இது இப்பல்லாம் எல்லாருக்கும் குறைச்சுக் காட்டுது" என்று மேசையில் போட்டுவிட்டு, ரத்தம் குறைவாக இருக்கும், மனசும் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் வாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி ஒன்று இருந்தது. அதை வைத்துப் பார்த்தேன். இருக்கவேண்டியதைவிடக் குறைவாகக் காட்டியது. மறுநாள் இன்னும் குறைத்துக் காட்டியது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். இப்படி நாளுக்கு நாள் இறங்கும் கருவிகளை ஆய்வகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மலிவான கருவி, உள்ளேயிருக்கும் பேட்டரி தேய்ந்தால் அப்படித்தான் ஆகும். நல்ல உடம்பின் சூடு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து கழித்துப் பார்த்து, பையிலிருந்த ஒட்டுத்தாளில் 'ஒன்றரை கூட்டிக்கொள்ளவும்' என்று எழுதி அதன் முதுகில் ஒட்டினேன்.

எங்கள் ஆய்வகத்தில் சேரும் யாருக்கும் முதல் நாளே சொல்லப்படும் விதி ஒன்று உண்டு. அளக்க வேண்டியதை வைத்து அளக்கும் கருவியைத் திருத்தாதே. புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்த வெப்பமானியை என் வாயில் ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தசமம் அண்ணனிடம் கேட்டு வெப்பக் கேமராவை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பொருள்களின் சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா அது. சூடானது வெள்ளையாகவும் மஞ்சளாகவும் தெரியும். குளிர்ந்தது நீலமாக, கறுப்பாகத் தெரியும். கணினியில் எந்த இடம் சூடாகிறது என்று அதில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்று, சனிக்கிழமை காலை அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கணினியைப் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன்.

"போனதும் வந்துடணும்" என்றாள் அம்மா. "வழியில எங்கயும் வெச்சுட்டுப் போயிடாத."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். கணினியைக் கையில் வாங்கியதும், "எங்கம்மா சூடு? பொணமாட்டம் சில்லுனு இருக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, யாருடையது என்று புரிந்துகொண்டார். "மன்னிச்சுக்கம்மா. அக்காவுது இல்ல? கேள்விப்பட்டேன்."

"பேட்டரியக் கழட்டிடுங்க. அதுதான் சூடாகுது."

"பேட்டரியா?"

அவர் கணினியைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, அடித்தகட்டைத் தூக்கிக் காட்டினார். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அங்கே கொஞ்சம் தூசியும், பழைய பசை இருந்த தடமும் மட்டும் இருந்தன.

"நான்தான் கழட்டினேன். பேட்டரி தலகாணி மாதிரி வீங்கிப் போயிருந்துது. புதுசு போடட்டுமான்னு கேட்டேன். வேணாம், சுவத்துல சொருகியே வேல பாத்துக்கறேன்னாங்க உங்கக்கா." அவர் விரலால் தகட்டைத் தட்டினார். "சொருகலன்னா இது வெறும் தட்டு. தட்டுல எங்கேருந்து சூடு வரும்?"

சார்ஜர் என் அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி என் பையில் இருந்தது.

அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். நான் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கணினியை மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் தொடையில் ஒரு குளிர் தொடங்கியது. துணியில் தண்ணீர் கொட்டி ஊறுவதுபோல அது இடுப்புக்கு ஏறியது. கீழே பார்த்தேன். எதுவும் ஈரமில்லை. கணினியின் மூடியைத் தொட்டேன். கடையில் சில்லென்று இருந்தது, இப்போது வெதுவெதுப்பாக இருந்தது.

"காய்ச்சலாம்மா? இப்படி நடுங்கற" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"இல்லக்கா. ஒண்ணுமில்ல."

கணினியை எடுத்து எதிர் இருக்கையின் கீழே சாய்த்து வைத்தேன். நடுக்கம் நின்றது. வெயில் மறுபடி வெயிலாக இருந்தது. மீண்டும் எடுத்து மடியில் வைத்தேன். குளிர் வந்தது, விட்ட இடத்திலிருந்தே.

படித்தவள்தானே நான். சூடு எங்கிருந்தும் தானாக வராது. ஒன்று சூடாகிறது என்றால் இன்னொன்று ஆறுகிறது. இத்தனை நாளும் சூடாவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுவது எது என்று பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நாற்காலியில் கையை நீட்டியபடியே இருந்தாள். "குடு" என்றாள். நான் கொடுக்காமல் உள்ளே போய் வெப்பமானியை எடுத்து என் வாயில் வைத்தேன். என் உடம்புக்கு என்ன காட்ட வேண்டுமோ அதைச் சரியாகக் காட்டியது. பேருந்தில் குளிர்ந்ததால் கொஞ்சம் குறைத்துக்கூடக் காட்டியது. கருவியில் பிழையில்லை. அம்மாவின் வாயில் வைத்தேன். முப்பத்து மூன்றுக்குப் பக்கத்தில் நின்றது. முதுகிலிருந்த சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன். ஆய்வகத்துப் பசை, நகத்தால் சுரண்டினாலும் உரியாது. அப்படியே விட்டேன்.

"குடுடி. எவ்வளவு நேரமா வெளியில வெச்சிருப்ப?"

கொடுத்துவிட்டு, கேமராவை எடுத்து நாலடி தள்ளி நின்றேன்.

திரையில் ஜன்னல் தெரிந்தது, வெயில் பட்ட சுவர் மஞ்சளாகத் தெரிந்தது. அம்மா நாற்காலியின் நிறத்தில் இருந்தாள். உயிருள்ள முகம் இந்தக் கேமராவில் விளக்குப்போலத் தெரியவேண்டும். நெற்றியிலும் தொண்டையிலும் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. கைகள் நீலமாக இருந்தன. மடியில் கணினி மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது. அது வெளுக்க வெளுக்க, அம்மாவின் வயிற்றிலிருந்து மேலே கருமை ஏறியது.

"அதத் திற, அம்மா" என்றேன்.

அம்மா மூடியைத் திறந்துவிட்டுக் கையை எடுத்து நாற்காலியின் பிடிமேல் வைத்துக்கொண்டாள். வெள்ளையாகத் தெரிந்த தகட்டில், எழுத்துகளுக்குக் கீழே, இரண்டு உள்ளங்கைகள் கறுப்பாக இருந்தன. அம்மாவுடையதாக இருக்கும், மறையும் என்று காத்திருந்தேன். கையை எடுத்தால் தடம் சில நொடிகளில் மறைந்துவிடும். அதுதான் வழக்கம். இவை மறையவில்லை. வலது கை கொஞ்சம் நகர்ந்தது, குளிருக்கு இதமான இடம் தேடுவதுபோல. இடது கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து, விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

கேமராவை இறக்கினேன். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறத் தகடு மட்டும் தெரிந்தது.

"தெரிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும். கை வெச்சேன், கை மேல கை பட்டுது." அவள் மூச்சு வாங்கினாள். "அவளுக்குக் குளிருது. கொஞ்ச நேரம் வெச்சுக்கறா. வேற ஒண்ணும் கேக்கல பாவம்."

"உன் சூடு போகுதும்மா. இப்படியே விட்டா நீ இருக்கமாட்ட."

"நான் இருந்து என்ன பண்ணப் போறேன்?"

"நான் இருக்கேன்ல?"

இதைச் சொல்ல எனக்குப் பல வருடம் ஆகியிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சரியமாகத்தான் பார்த்தாள்.

"உன்னப் பத்தி எனக்கு என்னிக்கும் கவலை இருந்ததில்லடி. பொறந்தப்பவே உன் கை சூடு. நர்சுகூடச் சொன்னா, இது பொழச்சுக்கும்னு. அவளத்தான் ராத்திரி பகலா என் வயித்தோட அணைச்சு வெச்சிருந்தேன்."

நான் கேமராவை மேசைமேல் வைத்தேன். பிறகு ஆய்வகத்தில் இருக்கும் சூட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். ஆள் உயர அலமாரி மாதிரி இருக்கும். வெப்பமானிகளை அதற்குள் வைத்துச் சோதிப்போம். பண்டிகை விடுமுறை என்றாலும் அணைக்கமாட்டோம். உள்ளே எப்போதும் ஒரே சூடு.

"எவ்வளவு சூடு?" என்றாள் அம்மா.

"முப்பத்தேழு. ஒடம்பு அளவு."

"இருட்டா இருக்குமா?"

"உள்ள சின்ன லைட்டு உண்டு. கதவுல கண்ணாடி இருக்கு."

"தனியா இருப்பாளே."

"என் மேசை அதுக்குப் பக்கத்துலதான். நாள் பூரா நான் அங்கதான் உக்காந்திருக்கேன்."

அம்மா நெடுநேரம் யோசித்தாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் யோசிப்பதுபோல இருந்தது. பிறகு கணினியை மூடி, சால்வையில் சுற்றி, முனையைச் செருகிக் கொடுத்தாள். "அந்தச் சுண்டுவிரல் வெளிய இருக்கும். பாத்து வை" என்றாள்.

அன்று மதியமே கொண்டுபோய் வைத்தேன். பெட்டியின் மேல்தட்டில், விளக்குக்குக் கீழே. 'சோதனையில் உள்ளது, அணைக்கவோ எடுக்கவோ வேண்டாம்' என்று கதவில் ஒரு தாள் ஒட்டினேன். ஆய்வகத்தில் அப்படி ஒட்டினால் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

அம்மா தேறினாள். முதலில் சாக்ஸைக் கழற்றினாள், பிறகு ஸ்வெட்டரை. ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஈரத் துண்ட கட்டில்ல போட்டுட்டுப் போறவள எந்த ஊர்ல கட்டிக்குடுக்கறது" என்று திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு நான் சமையலறையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தினமும் சாப்பிடும்போது ஒரே கேள்விதான் கேட்பாள்.

"சூடா இருக்காளா?"

"இருக்காம்மா."

பெட்டிக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. உள்ளே சூடு குறையும்போது எரியும், சரியானதும் அணையும். கண் சிமிட்டுவதுபோல நாள் முழுவதும் எரிந்து எரிந்து அணையும். கணினியை வைத்த நாளிலிருந்து அது அணையவில்லை.

தசமம் அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். "ஹீட்டர் விடாம ஓடுது. அப்பவும் முப்பத்தாறு புள்ளி ரெண்டத் தாண்டல. சென்சார் குறைச்சுக் காட்டுதுன்னு நெனைக்கறேன். ஒரு திருத்தம் போட்டு விட்டுடு."

"சென்சார் சரியாத்தான் இருக்குண்ணே."

"அப்ப சூடு எங்க போகுது? கதவுல ஓட்டையா?"

நான் அடுத்த வெப்பமானியை எடுத்து ஒப்பிட ஆரம்பித்தேன். பதில் சொல்லாத பெண் என்று எனக்கு ஏற்கனவே பெயர் இருந்ததால் அவர் வற்புறுத்தவில்லை.

பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் வந்தது. கட்டடம் முழுவதும் புதிய மின்கம்பி இழுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் இருக்காது, எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட வேண்டும் என்று.

அம்மாவிடம் மறைத்திருக்கலாம். ஆனால் அன்று சாப்பிடும்போது அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். எனக்குப் பொய் வரவில்லை.

"ஒரு நாள்தான? நான் வெச்சுக்கறேன்" என்றாள் உடனே.

"வேணாம். நீ இப்பத்தான் எழுந்து நடமாடற."

ஒரு வெந்நீர்ப் பை வாங்கி வந்தேன். அம்மா அதைப் பார்த்து, "அவ என்ன வயித்து வலின்னா சொன்னா?" என்றாள். ஞாயிறு காலை ஆய்வகத்திலிருந்து கணினியை எடுத்து வந்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றிய பையின்மேல் வைத்துப் பார்த்தேன். அம்மா டீ போட்டு முடிப்பதற்குள் பை பச்சைத் தண்ணீராகிவிட்டது. மறுபடி ஊற்றினேன், மறுபடி அப்படியே. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மடியைத் தட்டிக் காட்டினாள்.

"குடு. அவ பழகின எடம்."

"நான் வெச்சுக்கறேன்" என்றேன்.

எனக்கே அது எதிர்பாராத பேச்சுதான். ஆனால் சொன்னதும் நிம்மதியாக இருந்தது. எனக்கும் அவள் அக்காதான். அந்தக் கை என் தலையை வாரியிருக்கிறது. கேமராவில் பார்த்த நாளிலிருந்து, அதை ஒருமுறை தொட வேண்டும் என்று நினைக்காத நாளில்லை.

"உன்னால முடியுமா?"

"என் கைதான் சூடுன்னு சொன்னியே. முறை போட்டுக்கலாம். கொஞ்ச நேரம் நான், அப்புறம் கீழ வெச்சுடணும். நீ வெப்பமானிய வெச்சுப் பாத்துக்கிட்டே இரு. முப்பத்தஞ்சத் தொட்டா உடனே எடுத்துடணும். நான் வேணாம்னு சொன்னாலும் எடுத்துடணும்."

"எடுத்துடறேன்" என்றாள் அம்மா. நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

நான் உட்கார்ந்தேன். கணினியைத் திறந்து மடியில் வைத்து, அந்த வெற்றிடத்தில் கைகளைப் பதித்தேன். அம்மா சால்வையைப் போர்த்திவிட்டாள். குளிர் தொடையில் தொடங்கி இடுப்புக்கு ஏறியது. பேருந்தில் வந்ததைவிட வேகமாக வந்தது. பெட்டியிலிருந்து வெளியே வந்து வெகுநேரமாகியிருந்தது. பசி எடுத்திருக்கும்.

பிறகு என் புறங்கையின்மேல் ஒரு கை வந்து படிந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கனமும் இல்லை. சில்லென்ற ஐந்து விரல்கள், அவற்றில் ஒன்று விலகி, என் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு. நான் அழுதேனோ என்னவோ. கன்னத்தில் ஏதோ ஓடியது, அது சூடாக இல்லை.

அம்மா அவ்வப்போது வெப்பமானியை என் நாக்குக்கு அடியில் வைத்து எடுத்தாள். ஒவ்வொரு முறையும் எண்ணைச் சொன்னாள். முப்பத்தாறு. முப்பத்தஞ்சு புள்ளி எட்டு. தசமம் அண்ணன் மாதிரி சொல்கிறாள் என்று சிரிக்க நினைத்தேன். உதடு அசையவில்லை. ஜன்னலில் வெயில் இருந்தது, தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். தூக்கம் வருவதுபோல இருந்தது. உடம்பு ஆறும்போது தூக்கம் வரும் என்று படித்திருக்கிறேன். வரக்கூடாத தூக்கம் அது.

அம்மா வெப்பமானியை மறுபடி எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இந்தமுறை உடனே எண்ணைச் சொல்லவில்லை. அதைத் திருப்பி முதுகைப் பார்த்தாள்.

எவ்வளவு என்று கேட்க வாயைத் திறந்தேன். பல்லோடு பல் இடித்ததில் சொல் வரவில்லை.

"முப்பத்தி நாலு காட்டுது" என்றாள் அம்மா. "ஆனா ஒண்ணரை கூட்டிக்கணும்ல? நீதான எழுதி ஒட்டியிருக்க."

சீட்டு தப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல் போதும். நாக்கு மரத்துக் கிடந்தது. கையை எடுக்கப் பார்த்தேன். மேலே இருந்த கை விடவில்லை.

அம்மா சால்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டாள். என் கன்னத்தில் அவள் விரல் பட்டது. அது சூடாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் இரு கண்ணு" என்றாள்.

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் மடியைப் பார்த்துச் சொன்னாள்.